கடையில் வாங்கிய ஊதாக் கிழங்கு ஹவாய்க் கிழங்கா?

2021 ஜனவரி 9, கேட்டவர்
அண்ணா, நான் ஹொனலுலுவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே கடையில் வெள்ளைத் தோலும் உள்ளே கத்தரிப்பூ நிறமுமாக ஒரு சர்க்கரைவள்ளி விற்கிறார்கள். ஹவாயின் பாரம்பரியக் கிழங்கே அதுதானாம். ஒன்றை முளைக்கவைத்து பால்கனித் தொட்டியில் நட்டேன். கொடி கம்பியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கே குடிபோய்விட்டது. நேற்றுத் தோண்டினால் சுண்டுவிரல் பருமனில் நாலே நாலு வேர். வீட்டுச் சாப்பாட்டுக்கு இதை நம்பலாமா?

ஜனவரி 9, இரவு, பதில் சொல்பவர்
அது ஒகினாவாக் கிழங்கு. சுவையில் குறை கிடையாது, ஆனால் ஹவாயின் பழைய கிழங்கு அதுவல்ல. ஒகினாவாவுக்கே 1605-இல்தான் சீனாவிலிருந்து சர்க்கரைவள்ளி போனது. ஒகினாவாத் தொழிலாளர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாயில் வந்து இறங்கியது 1900-இல். ஹவாய்த் தீவுகளில் பெரியதை இங்கே 'பெரிய தீவு' என்பார்கள்; அந்தத் தீவின் ஹாமாகுவா கரையில் 1990-களில் கரும்பு படுத்துப்போன பிறகு, அந்த நிலத்தில் பலர் இந்த ஊதாக் கிழங்கைப் போட்டார்கள். நீங்கள் வாங்கியது அங்கிருந்து வந்ததாகவே இருக்கும். "ஹவாயில் விளைந்தது" என்றால் சரி. "பாரம்பரியம்" என்பது கடைக்காரர் கூட்டிக்கொண்டது.

பழையது உவாலா. பசிபிக் தீவுகளின் பாலினேசியர்கள் படகில் கொண்டுவந்தது. கிழங்கின் தாய்வீடு தென் அமெரிக்கா. கொலம்பஸ் பிறப்பதற்கு முன்பே பசிபிக் தீவுகளில் அது இருந்திருக்கிறது. குக் தீவுகளில் உள்ள மாங்காயாவில் சுமார் ஆயிரம் ஆண்டு பழமையான கரிந்த கிழங்குத் துண்டுகளே கிடைத்திருக்கின்றன. நியூசிலாந்தின் மாஓரிகள் இதை குமரா என்கிறார்கள், ஆண்டிஸ் மலைப்பக்கத்துக் கெச்சுவா மொழியிலும் இதற்குக் கிட்டத்தட்ட அதே சொல். உடனே யாரும் குமரன், குமரிக்கண்டம் என்று கிளம்ப வேண்டாம். நம் ஊருக்குச் சர்க்கரைவள்ளி வந்தது போர்த்துகீசியர் கப்பலில்.

தொட்டியில் என்ன மண் போட்டீர்கள்?

ஜனவரி 10
கடையில் வாங்கிய மண் கலவை, அதற்கு மேல் வாராவாரம் மீன் உரம் என்கிறீர்கள். அப்புறம் கொடி பக்கத்து வீட்டுக்குப் போகாமல் என்ன செய்யும்? தழைச்சத்து கூடினால் சர்க்கரைவள்ளி மேலேதான் ஓடும், கீழே இறங்காது. பட்டினி போடுங்கள். தொட்டி ஒரு முழ ஆழமாவது இருக்கட்டும்.

என் தோட்டத்தைப் பார்த்தால் பட்டினி என்றால் என்னவென்று தெரியும். நான் இருப்பது பூனா. மகாராஷ்டிரத்துப் பூனா இல்லை, பெரிய தீவின் கிழக்கு மூலை. மண் என்று சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் உறைந்த எரிமலைக் குழம்பு. வீடு கட்டும்போது கடப்பாரை அடித்தால் "டிங்" என்று மணிச் சத்தம் வரும். கோவில்பட்டிக் கரிசலில் வளர்ந்தவனுக்கு இது என்ன தண்டனை என்று முதல் வருஷம் நினைத்தேன்.

ஜனவரி 17
உவாலா எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கடையில் பார்க்காதீர்கள். இதற்கு விதையோ விதைக்கிழங்கோ வாங்க வேண்டியதில்லை, கொடிதான் கை மாறும். நடவுக்கு வெட்டும் கொடித் துண்டுக்கு ஹவாய் மொழியில் லாவ் என்று பெயர். லாவ் என்றாலே இலை.

எனக்குக் கொடுத்தது இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓர் ஆன்ட்டி. (இங்கே வயதில் மூத்த எவரும் ஆன்ட்டி, அங்கிள்தான். நம் ஊர் அக்கா, சித்தப்பா மாதிரி, ரத்த உறவு வேண்டியதில்லை.) அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட உதவினேன். எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் கிடையாது, கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறோம். கூலி என்று பணம் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று தெரிந்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஆறு கொடித் துண்டுகளைக் கையில் திணித்தார். "மோஹிஹி," என்றார். அவ்வளவுதான். என்னிடம் இருப்பது மோஹிஹி வகை.

ஜனவரி 18
நடும் முறை. நுனிக்கொடியாக ஒரு முழம் வெட்டுங்கள். அடிக்கொடி வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, கட்டாகக் கட்டி நிழலில் இரண்டு நாள் வையுங்கள். கணுவில் வெள்ளை வேர் முள் மாதிரி எட்டிப்பார்க்கும். அப்போது மேட்டுக்கு இரண்டாக நடுங்கள். ஹவாய்க்காரர்களும் மேடு கூட்டித்தான் நட்டார்கள், அதற்கு புஎ என்று பெயர். துளை போட ஓஓ என்ற கூர்க்கம்பு. என்னிடம் ஓஓ இல்லை, உடைந்த மண்வெட்டிக் காம்பு இருக்கிறது.

எனக்கு மேடே பெரிய வேலை. லாரியில் எரிமலைக் கரிக்கல் தூள் வாங்கி, அதோடு இரண்டு வருஷம் மக்கிய புல்லைக் கலந்து குவித்தேன். பழைய ஆட்களும் வெறும் கல்லாங்காட்டில் குழிகளில் புல்லும் இலையும் நிரப்பி மக்கவைத்து நட்டிருக்கிறார்கள். நான் கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொண்டதைப் பார்த்து ஆன்ட்டி சிரித்தார்.

பிப்ரவரி 2
எந்தப் பிறையில் நடுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிண்டல்தான் என்றாலும் பதில் உண்டு. ஹவாய்க்காரர்கள் மாதத்தின் ஒவ்வோர் இரவுக்கும் தனிப் பெயர் வைத்திருந்தார்கள். பௌர்ணமிக்குச் சற்று முன் ஹுஆ என்று ஓர் இரவு. ஹுஆ என்றால் காய், முட்டை. நடவுக்கு நல்ல நாள். என் ஆச்சி வளர்பிறையில் விதைக்கச் சொன்னதும் இதுவும் ஒன்றுதானா என்று யோசித்தேன். அன்றைக்கு எனக்கு இரவு ஷிஃப்ட். தேய்பிறையில்தான் நட்டேன். முளைத்தது.

ஜூன் 20
அறுவடை. பதினொரு மேடு, ஐந்து மாதம், பதினாலு கிலோ. கைவிரலால்தான் தோண்டினேன், கம்பி பட்டால் தோல் கிழிந்துவிடும். வெட்டினால் பசை மாதிரி வெள்ளைப் பால். அன்றைக்கே வேகவைத்துத் தின்றோம். சப்பென்று இருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, தேங்காய்ச் சட்னியை என் பக்கம் நகர்த்தினாள்.

ஜூன் 29
மேலே "சப்பென்று" எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தப்பு கிழங்கில் இல்லை, அவசரத்தில். தோண்டிய கிழங்கை ஒரு வாரம் வெதுவெதுப்பான, ஈரப்பதமான இடத்தில் பரப்பிவைக்க வேண்டும். 30 டிகிரி இருந்தால் நல்லது. காயம் ஆறித் தோல் இறுகும், இனிப்பும் கூடும். பூனாவில் ஈரப்பதத்துக்குப் பஞ்சமே இல்லை, துவைத்த சட்டை மூன்று நாள் காயாது. கார் ஷெட்டில் அட்டைப்பெட்டியில் வைத்தேன். ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே போனால் நடுவில் கட்டையாகிவிடும், எவ்வளவு வேகவைத்தாலும் மசியாது.

நேற்று சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுட்டேன். தோல் ஓரத்தில் பாகு கசிந்து கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. சட்னி தேவைப்படவில்லை.

ஜூலை 4
தழையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். கொழுந்து இலையை வேகவைத்தால் இவர்களுக்கு பலூலா. பக்கத்து ஃபிலிப்பினோ வீட்டிலும் தினமும் இதுதான் கீரை. எங்கள் வீட்டில் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல். வள்ளைக்கீரைக்கு ஒன்றுவிட்ட தங்கை இது. இரண்டும் ஒரே பேரினம், அந்த வழவழப்பும் அப்படியே இருக்கும்.

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: பச்சையாகத் தின்னாதீர்கள். ஹவாயில், அதிலும் எங்கள் கிழக்குப் பக்கத்தில், எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு, நத்தைகளின் வழியாக மனிதனுக்கு வந்து மூளையுறையைத் தாக்குகிறது. இலைக்குள் ஒளிந்திருக்கும் குட்டி நத்தை கண்ணுக்கே தெரியாது. ஒவ்வோர் இலையாகத் திருப்பிக் கழுவி, நன்றாக வேகவைத்தால் பயமில்லை.

செப்டம்பர் 11
சொன்னபடி அடிக்கொடி விஷயம். ஒரு மேட்டைக் கிளறினேன், மேலே கொடி ஜோராக இருந்தது. கிழங்கை வெட்டியதும் உள்ளே கறுப்புச் சுரங்கம், அதில் அரிசி மாதிரி வெள்ளைப் புழு. கூன்வண்டு. பார்க்க எறும்பு மாதிரி, நீலம் கலந்த கறுப்பு, நடுவிலும் காலிலும் சிவப்பு, நீட்டிய மூக்கு. புழு அரித்த கிழங்கு தன் பங்குக்கு ஒரு கசப்பைச் சுரக்கும். அரித்த பகுதியைச் செதுக்கிவிட்டு மிச்சத்தை வேகவைத்தேன். வீடு முழுக்க ஒரு மருந்து வாடை. ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை.

தாய் வண்டு முட்டை வைப்பது முதிர்ந்த அடித்தண்டிலும், மண் வெடிப்பு வழியாக எட்டும் கிழங்கிலும். அடிக்கொடியை வெட்டி நட்டால் வண்டையும் சேர்த்து நடுகிறோம். அதனால் நுனிக்கொடி. மேட்டில் வெடிப்பு விழுந்தால் உடனே மண் அணைக்க வேண்டும். பழைய மேட்டிலேயே திரும்ப நடக்கூடாது, அரித்த கிழங்கைத் தோட்டத்தில் வீசவும் கூடாது. இதில் கடைசி இரண்டையும் நான் செய்திருந்தேன்.

செப்டம்பர் 12
கலிஃபோர்னியாவுக்குப் போகும்போது கிழங்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டவருக்கு: முடியாது. அங்கே இல்லாத பூச்சிகள் இந்தக் கிழங்கில் போய்விடும் என்பதற்காக, பச்சைச் சர்க்கரைவள்ளியை விமானத்தில் கொண்டுபோகத் தடை. வியாபாரத்துக்குப் போகும் மூட்டைகளுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்து அனுப்புகிறார்கள். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், ஹிலோ விமான நிலையத்தில் என் பையிலிருந்து நாலு கிழங்கை வெளியே எடுத்தது என் கையேதான். பின்னால் நின்ற குடும்பம் முழுவதும் வேடிக்கை பார்த்தது.

1849-இல் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தோண்டப் போனவர்களுக்கு இதே தீவுகளிலிருந்து கிழங்கு கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. அன்றைக்கு யாரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை.

அக்டோபர் 30
கோஹாலா போய்வந்தோம். தீவின் வடமேற்கு, காற்று ஆளைத் தள்ளும். மாலை வெயில் சாய்ந்தபோது மேய்ச்சல் சரிவு முழுக்கச் சேலையில் கொசுவம் வைத்த மாதிரி கோடு கோடாகத் தெரிந்தது. எல்லாம் பழைய வரப்பு. கல்லும் மண்ணும் போட்டு, சரிவுக்குக் குறுக்கே, சுமார் 60 சதுர கிலோமீட்டருக்கு. வாய்க்கால் கிடையாது, மழையை மட்டுமே நம்பி நடந்த உவாலா விவசாயம். காற்றைத் தடுக்க வரப்பின் மேல் கரும்பு. அறுநூறு வருஷத்துக்கு முந்தைய வேலை. நல்ல தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்கில் காலோ போட்டார்கள் (நம் சேப்பங்கிழங்கின் ஜாதி), தண்ணீர் இல்லாத பக்கத்தை இந்தக் கிழங்குதான் காப்பாற்றியது. பஞ்சத்தைச் சீக்கிரம் தீர்ப்பது உவாலாவே என்ற பொருளில் அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. காலோவுக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், இது நாலைந்து மாதத்தில் வயிற்றுக்கு வந்துவிடும்.

இதை எழுதும்போது கரிசலின் மானாவாரிக் காடுதான் கண்ணில் நிற்கிறது. சரி, விடுங்கள்.

நவம்பர் 14
திருத்தம். பெரிய திருத்தம். என்னிடம் இருப்பது மோஹிஹி இல்லை.

தீவின் மேற்குப் பக்கமான கோனாவில் கேப்டன் குக் என்ற ஊரில் ஏமி கிரீன்வெல் தோட்டம் இருக்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன் இங்கே வளர்ந்த செடிகளுக்கு என்றே ஓர் இடம். உவாலா வகைகளும் உண்டு. என் கொடியிலிருந்து நாலு இலையைச் செய்தித்தாளில் அழுத்தி எடுத்துப்போய் மோஹிஹியோடு ஒப்பிட்டேன். ஒத்துவரவில்லை. அங்கே நின்ற பெரியவர் என் இலையைத் திருப்பிப் பார்த்து, "நல்ல உவாலா," என்றார். பெயர் கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னார்.

திரும்பி வந்து ஆன்ட்டியிடம் கேட்டால், மோஹிஹி என்று அவர் சொன்னது பக்கத்தில் கிடந்த வேறொரு கொடிக் கட்டையாம். அது யாருக்கோ போய்விட்டதாம். பத்து மாதமாக இங்கே "என் மோஹிஹி, என் மோஹிஹி" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 15
சமாதானம் சொல்கிறவர்களுக்கு நன்றி. பெயர் விஷயம் நான் நினைத்ததைவிடச் சிக்கல். 1940-இல் அச்சான ஒரு பட்டியலில் 200-க்கு மேல் உவாலாப் பெயர்கள் இருக்கின்றன. இன்றைக்கு அடையாளம் தெரிந்து பிழைத்திருப்பவை இரண்டு டஜனை ஒட்டி. மற்றதெல்லாம் அழிந்தது என்று அடித்துச் சொல்லவும் வழியில்லை. ஒரே கொடிக்கு ஒவ்வொரு பள்ளத்தாக்கில் ஒவ்வொரு பெயர் இருந்திருக்கும். பெயர்களைப் பாருங்கள்: ஹுஆமோஆ என்றால் கோழிமுட்டை, உள்ளே மஞ்சள். எலெஎலெ என்றால் கறுப்பு. பார்த்ததைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், நம் ஊரில் மாட்டுக்கு மயிலை, செவலை என்று வைத்த மாதிரி.

கொடியாக நட்டால் தாய் எதுவோ பிள்ளையும் அதுவே. ஆனால் பக்கத்தில் வேறு வகை பூத்திருந்து, மகரந்தம் மாறி விழுந்து விதையும் பிடித்துவிட்டால், தானாக முளைக்கும் கன்று புது ஆள். சர்க்கரைவள்ளி பொதுவாகத் தன் பூவின் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதனால் எந்த விதையும் கலப்புதான். மேட்டோரம் விதையிலிருந்து ஒரு கன்று முளைத்தால் அது வகை மாறியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன கிழங்குத் துண்டிலிருந்து முளைத்தது என்றால் அது பழைய வகையேதான்.

என்னுடையதற்கு இப்போதைக்குப் பெயர் "தண்ணீர்த் தொட்டிக் கொடி".

2022 பிப்ரவரி 6
கேட்டவர் சேதி அனுப்பியிருக்கிறார்: உரத்தை நிறுத்திப் பெரிய தொட்டிக்கு மாற்றியதில் ஒன்றரைக் கிலோ. அதே ஒகினாவாக் கிழங்குதான். வாழ்த்துகள் தம்பி. இரவில் நன்றாகத் தின்றுவிட்டு காலையில் அலுவலகத்தில் என்ன ஆயிற்று என்று எழுதியதை இங்கே போட மாட்டேன்.

மசித்த கிழங்கில் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் கோஎலெபாலாவ் பற்றிக் கேட்டார்கள். சட்டியில்தான் செய்ய வேண்டும். வெந்த கிழங்கை மசித்து, கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுக் கிளறினால் முடிந்தது. நான் ஏலக்காய் போட்டேன். ஆன்ட்டி ஒரு கரண்டி தின்றுவிட்டு, "இது என்ன சோப்பு வாசனை?" என்றார்.

மார்ச் 19
எல்லாம் போயிற்று.

மார்ச் 20
நேற்று எழுத முடியவில்லை. காட்டுப்பன்றி. ஒரே இரவு. கோக்கித் தவளைகள் போடும் கூச்சலில் எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. காலையில் பதினேழு மேடும் தரைமட்டம். மூக்கால் உழுது, கிழங்கைத் தின்று, கொடியை மிதித்துத் துவைத்துப் போட்டிருந்தது. மிச்சம் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி வாளியில் போட்டேன், அவையும் அழுகத் தொடங்கிவிட்டன. வேலிக்குக் கம்பிவலை வாங்கி ஷெட்டில்தான் வைத்திருந்தேன். போன டிசம்பரிலிருந்து.

இதில் வேடிக்கை, உவாலா நடுகிறவர்கள் வேண்டிக்கொண்ட சாமிகளில் ஒருவர் காமபுஆஆ. பன்றி உருவம். மண்ணைக் கிளறிக் கொடுப்பவர். ஆன்ட்டியிடம் சொன்னேன். "நீ கூப்பிட்டிருப்பாய், வந்துவிட்டார்," என்றார். அவர் வீட்டிலும் அந்தக் கொடி இல்லை, போன வருஷ வண்டில் போய்விட்டதாம்.

ஏப்ரல் 3
கம்பிவலை அடித்துவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை.

யாராவது "கிழங்கு ஒன்று ஷெட்டில் இருக்குமே, முளைக்கவையுங்கள்" என்று சொல்லப்போகிறீர்கள். இருந்தது. பன்றி வருவதற்கு முந்தின ஞாயிறு சாம்பாரில் போட்டுவிட்டோம்.

மே 8
போன வருஷம் பஹோவா பக்கம் வேலைசெய்யும் ஒரு பெண்மணிக்குப் பத்துக் கொடி கொடுத்தது நினைவுக்கு வந்தது. நெருப்பெறும்பு இருக்குமோ என்று பயந்து என்னை வாசலிலேயே நிறுத்தி, ஒவ்வொரு கொடியையும் உதறிப் பார்த்து வாங்கியவர். (அந்தக் குட்டி எறும்பு பூனா முழுக்க இருக்கிறது, செடி கைமாறும்போதுதான் ஊர்விட்டு ஊர் போகிறது. அவர் செய்தது சரி.) இன்று போனேன். வீட்டுக்குப் பின்னால் நாற்பது மேடு இருக்கும். என் கொடிதான், நரம்பின் அடியில் அந்த ஊதா ஓட்டம் எனக்குத் தெரியும்.

உதறிப் பார்த்துப் பன்னிரண்டு துண்டு வாங்கினேன். மேட்டோரத்தில் பலகைத்துண்டில் கறுப்பு மையால் பெயர் எழுதி நட்டிருந்தார்: "இந்தியன்". அவரிடமிருந்து மூன்று வீட்டுக்குப் போயிருக்கிறதாம். அங்கேயும் அதே பெயர்தானாம்.

மே 9
ஆன்ட்டிக்கு ஆறு துண்டு கொண்டுபோனேன். தண்ணீர்த் தொட்டியின் மூடி மறுபடி பறந்திருந்தது.